தாங்கும் மரம், போர்த்தும் மரம்



இன்று நாம் தூணைப் பற்றிப் பேசப் போகிறோம். வீட்டுக்குள் நிற்கும் தூண். அந்தத் தூணுக்கு மரத்தில் போடும் உறை. தூணில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. தூண் எது, உறை எது என்று தெரியாமல் கை வைத்தால் வீட்டுக்கே ஆபத்து. கணக்குத் தெரியாமல் மரம் வாங்கினால் கைப்பணம் போய்விடும்.

இப்போது பல வீடுகளில் கூடத்தின் நடுவே ஒரு சிமெண்ட் தூண் நிற்கிறது. வெறும் சதுரமாக நிற்கிறது. அது அழகாக இல்லை என்று சிலர் மரப்பலகையால் மூடுகிறார்கள். கீழே அகலம், மேலே குறுகல். தூரத்தில் இருந்து பார்த்தால் முழு மரத்தூண் போலத் தெரியும். ஆனால் அந்த மரம் எதையும் தாங்கவில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் சிமெண்ட் தூண்தான். மரம் அதற்குச் சட்டை.

முன்பு அப்படி இல்லை. மரமே தூண். மரமே வீட்டைத் தாங்கியது. அதைப் பார்க்க நாம் புனே நகரத்துக்குப் போகலாம்.

புனேயின் மரத்தூண்கள்

புனே மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்களை நமக்குத் தெரியும். அதே மராட்டியர்களின் பெரிய நகரம் புனே. மராட்டிய அரசரின் முதல் மந்திரிக்குப் பேஷ்வா என்று பெயர். பேஷ்வாக்கள் புனேயில் இருந்துதான் ஆட்சி நடத்தினார்கள்.

அங்கே பெரிய பழைய வீட்டுக்கு வாடா என்று பெயர். நம் ஊர் முற்றம் வைத்த வீடு மாதிரிதான் வாடாவும். நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், அறைகள். தாழ்வாரம் முழுவதும் மரத்தூண்கள். தூணும் உத்திரமும் சேர்ந்துதான் வீட்டின் எலும்புக்கூடு. இடையில் செங்கல்லும் மண்ணும் வைத்துச் சுவர் எழுப்பினார்கள்.

விஷ்ராம்பாக் வாடா என்று ஒரு மாளிகை புனேயில் இன்றும் நிற்கிறது. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா அதை 1807-ஆம் ஆண்டில் கட்டினார். அதன் மரத்தூண்களிலும் மாடத்திலும் அருமையான செதுக்கு வேலை இருக்கிறது. நானா பட்னாவிஸ் என்ற மந்திரியின் வாடாவும் அங்கே உண்டு. சனிவார் வாடா கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலும் இப்படிப்பட்ட தூண்களைப் பார்க்கலாம்.

இந்தத் தூண்களின் வடிவம் தனி. அடியில் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து வரும். சுரு என்று ஒரு மரம் உண்டு. சுடர் போல ஓங்கி, உச்சியில் ஒடுங்கி நிற்கும். அந்த மரத்தின் பெயரால் இதைச் சுருத் தூண் என்கிறார்கள். தூணின் தலையில் வாழைப்பூவைச் செதுக்கியிருப்பார்கள். நாம் பொரியல் வைக்கும் அதே வாழைப்பூதான்.

ஏன் கீழே பருமன், மேலே சிறுமன்? காட்டில் நிற்கும் மரத்தைப் பாருங்கள். வேர்ப்பக்கம் பருத்திருக்கும். நுனிப்பக்கம் சிறுத்திருக்கும். அந்த வடிவம் நம் கண்ணுக்குப் பழக்கமானது. அப்படி ஒரு தூண் நின்றால், உறுதியாகக் காலூன்றி நிற்பது போல நமக்குத் தோன்றும்.

ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை

பழைய தூணில் மூன்று உறுப்புகள் உண்டு.

முதலாவது, அடியில் ஒரு கல் பீடம். மரத்தை மண்ணில் நேராக ஊன்றவில்லை. கல்லின் மேல் நிறுத்தினார்கள். ஏன்? தரை ஈரம் மரத்தில் ஏறக் கூடாது. கரையான் எளிதில் ஏறக் கூடாது. வீட்டைக் கழுவும் தண்ணீர் மரத்தைத் தொடக் கூடாது.

இரண்டாவது, நடுவில் தண்டு. இதுதான் பாரத்தைக் கீழே இறக்குகிறது.

மூன்றாவது, மேலே போதிகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இருபுறமும் கை நீட்டியது போல இருக்கும் கட்டை. உத்திரத்தின் பாரத்தை வாங்கித் தூணில் சேர்ப்பது இதன் வேலை.

நம் செட்டிநாட்டு வீடுகளிலும் இதே முறையைப் பார்க்கலாம். பர்மாவில் இருந்து கப்பலில் வந்த தேக்கு அங்கே தூணாக நிற்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அங்கே பலாமரத்தில் செதுக்கிய தூண் உண்டு. ஊர் வேறு, மரம் வேறு. வேலை ஒன்றுதான்.

தீயும் தண்ணீரும்

மரத்துக்கு இரண்டு பெரிய எதிரிகள். ஒன்று தீ. மற்றொன்று தண்ணீர். இரண்டையும் புனே கண்டிருக்கிறது.

முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730-இல் சனிவார் வாடாவுக்கு அடிக்கல் நாட்டினார். 1732-இல் குடிபுகுந்தார்கள். அடியில் கல். மேலே பல மாடி மாளிகை. 1828-இல் தீப் பிடித்தது. மாளிகை எரிந்து போனது. இன்று அங்கே போனால் மதிலும் வாசல்களும் கல் அடித்தளமும்தான் மிச்சம். விஷ்ராம்பாக் வாடாவிலும் 1879-இல் ஒரு பகுதி எரிந்தது. அதைப் பிறகு திரும்பக் கட்டினார்கள்.

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. வெள்ளம் புனே நகருக்குள் புகுந்தது. ஆற்றோரப் பேட்டைகளில் இருந்த பழைய வீடுகள் பல விழுந்தன. மண் வைத்துக் கட்டிய சுவர் நீரில் கரைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இன்று நாம் போடும் மர உறைக்கும் இதுதான் பாடம். தீயையும் தண்ணீரையும் நினைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

மூடும் முன் பாருங்கள்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஒரு சிமெண்ட் தூணுக்கு மர உறை போட வேண்டும். முதல் வேலை என்ன? மரம் வாங்குவதா? இல்லை. தூணைப் பார்ப்பது.

தூணில் வெடிப்பு இருக்கிறதா? காரை உதிர்கிறதா? துருக்கறை தெரிகிறதா? துருக்கறை தெரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பி, சிமெண்டை உடைக்கும். அந்தத் தூணை மரத்தால் மூடினால் என்ன ஆகும்? நோய் மறையாது. நம் கண்ணுக்குத்தான் மறையும். புண்ணின் மேல் பட்டுச்சட்டை போட்டது போல ஆகிவிடும். முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பழுது பாருங்கள். பிறகு மூடுங்கள்.

பழைய வீட்டில் மரத்தூண் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது சட்டை அல்ல. அதுவே தூண். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை எடுக்கக் கூடாது. உறை பொருந்தவில்லை என்று அதைச் செதுக்கக் கூடாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சிமெண்ட் தூணையும் அப்படித்தான். சிறிது கொத்தி எடுத்தால் உறை பொருந்தும் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். உறையைப் பெரிதாக்கலாம். தூணைச் சிறிதாக்கக் கூடாது.

அளவு எடுப்போம்

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுரத் தூண். ஒரு பக்கம் 9 அங்குலம். தரையில் இருந்து உத்திரம் வரை உயரம் 8½ அடி. பழைய வாடாவில் செய்தது போல நாமும் அடியில் கல் வைப்போம். அரை அடி உயரத்துக்குக் கல் பீடம். அதற்கு மேல் 8 அடிக்கு மர உறை.

பலகையின் கனம் அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இதை 12 மில்லிமீட்டர் என்பார்கள். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

மேல் முனையில்தான் உறை குறுகல். ஆகவே மேலே இருந்து கணக்குப் போட வேண்டும். தூண் 9 அங்குலம். இருபுறமும் அரை அங்குலம் இடைவெளி. அது 1 அங்குலம். இருபுறமும் பலகைக் கனம். அதுவும் 1 அங்குலம். மொத்தம் 11 அங்குலம். மேலே 11-க்குக் குறைந்தால் உறை பொருந்தாது. கீழே நம் விருப்பம். 14 அங்குலம் என்று வைப்போம்.

ஓர் உறைக்கு நான்கு பலகைகள். முன்பலகையும் பின்பலகையும் முழு அகலம். கீழே 14, மேலே 11. பக்கப் பலகைகள் இரண்டும் இவற்றுக்கு நடுவே அமரும். ஆகவே இரண்டு கனத்தைக் கழிக்க வேண்டும். கீழே 13, மேலே 10.

பலகையில் கோடு போடுவது எப்படி? முதலில் நடுக்கோடு போடுங்கள். கீழ் முனையில் நடுக்கோட்டின் இருபுறமும் 7 அங்குலம் குறியுங்கள். மேல் முனையில் இருபுறமும் 5½ அங்குலம் குறியுங்கள். குறிகளைச் சேர்த்து நூல் அடியுங்கள். இரண்டு சாய்வும் ஒன்று போல வரும். நடுக்கோடு இல்லாமல் ஓரத்தில் இருந்து அளந்தால் உறை கோணலாகும்.

ஒரு பலகை போதுமா?

பிளைவுட் பலகை 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் வரும். எட்டு நான்கு முப்பத்திரண்டு. ஒரு பலகை 32 சதுர அடி.

நமக்கு எவ்வளவு வேண்டும்? முன்பலகைக்குக் கீழே 14, மேலே 11. கூட்டினால் 25. பாதி 12½. நீளம் 96 அங்குலம். பெருக்கினால் 1200 சதுர அங்குலம். இப்படி இரண்டு. பக்கப் பலகைக்குக் கீழே 13, மேலே 10. கூட்டினால் 23. பாதி 11½. 96-ஆல் பெருக்கினால் 1104. இப்படி இரண்டு. எல்லாம் கூட்டினால் 4608 சதுர அங்குலம். 144-ஆல் வகுத்தால் 32 சதுர அடி.

வேண்டியதும் 32. பலகையும் 32. ஒரு பலகை போதும் என்று தோன்றுகிறது அல்லவா? போதாது. ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் மரத்தைத் தின்னும். சாய்வாக அறுப்பதால் ஓரத்திலும் கொஞ்சம் வீணாகும். தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினாலும் நான்காவது பலகைக்கு இடம் வராது. ஒரு பலகையில் மூன்றுதான் வரும்.

ஆகவே ஒரு தூணுக்கு 2 பலகை வாங்க வேண்டும். மூன்று தூணுக்கு எத்தனை? 12 முகம். மூன்றால் வகுத்தால் 4 பலகை. மூன்று தூணுக்கும் சேர்த்து வாங்கினால் 4 போதும். தனித்தனியாக வாங்கினால் 6 ஆகும். சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு பலகையின் விலை மிச்சம். மீதித் துண்டுகளும் வீணல்ல. உள்கட்டைக்கும் மேல் பட்டிக்கும் உதவும்.

தூண் உருண்டையாக இருந்தால்? அப்போது குறுகிய பட்டைகளைச் சுற்றிலும் ஒட்ட வேண்டும். 8 அங்குல உருண்டைத் தூண் என்று வைப்போம். உறையின் குறுக்களவு கீழே 14 அங்குலம். 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் சுற்றளவு 44. மேலே குறுக்களவு 10½. சுற்றளவு 33. பதினொரு பட்டைகள் போட்டால், ஒவ்வொன்றும் கீழே 4 அங்குலம், மேலே 3 அங்குலம். பட்டையின் ஓரங்களைச் சாய்வாக இழைத்தால் ஒன்றோடு ஒன்று நெருங்கி உட்காரும்.

மரம் வாங்கும்போது

பிளைவுட் பலகையில் முத்திரை இருக்கும். அதைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. குறி இருக்கிறதா? எண் என்ன? 303 என்றால் வீட்டுச் சாமான்களுக்கான சாதாரணப் பலகை. அதிலேயே எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம் உண்டு. இரண்டாவது தரம் ஈரத்தை அதிகம் தாங்கும். 710 என்றால் தண்ணீர் படும் இடத்துக்கான பலகை. கூடத்துத் தூணுக்கு ஒன்று, சாரல் அடிக்கும் தாழ்வாரத் தூணுக்கு வேறு. கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். முத்திரையையும் படியுங்கள்.

தேக்குப் போன்ற மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்குங்கள். நீளத்தை அடியில் பெருக்குங்கள். 144-ஆல் வகுங்கள். 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், 9 அடி நீளம். நாலு நாலு 16. பதினாறு ஒன்பது 144. வகுத்தால் 1. அது சரியாக 1 கன அடி.

புனேயில் மரம் வாங்குபவர்கள் பவானி பேட்டை மர அங்காடிக்குப் போவார்கள். நம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் கிடைக்கும். இடித்த வீட்டின் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனாலும் சோதித்துப் பாருங்கள். தட்டினால் பொத்தென்று ஒலிக்கிறதா? உள்ளே பூச்சி தின்றிருக்கலாம். மாவு உதிர்கிறதா? வாங்காதீர்கள். ஆணிகள் புதைந்திருக்கின்றனவா? அறுக்கும் முன் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் கெடும், கையும் கெடும். எந்த மரம் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத காட்டு மரம் வழக்கில் கொண்டுபோய் விடும்.

பொருத்துவோம்

தூணைச் சுற்றி முதலில் உள்கட்டைகளை அடிக்க வேண்டும். உறை சாய்வு அல்லவா? ஆகவே கட்டையின் கனம் ஒன்று போல இருக்காது. மேலே அரை அங்குலம். நடுவில் 1¼ அங்குலம். கீழே 2 அங்குலம். சிமெண்டில் துளை போட்டு, பிளக் செருகி, திருகாணியால் முடுக்குங்கள். துளை போடும்போது கம்பி தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கம்பியை அறுக்காதீர்கள்.

தூண் தரைக்கும் உத்திரத்துக்கும் நடுவே நிற்கிறது. உறையை மேலே இருந்து மாட்ட முடியாது. ஆகவே மூன்று பலகைகளைத் தரையில் வைத்து முதலில் சேருங்கள். ப என்ற எழுத்து மாதிரி வரும். அதைத் தூணில் சாத்துங்கள். நான்காவது பலகையால் மூடுங்கள்.

தூக்குக்குண்டை நடுக்கோட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பிடிக்காதீர்கள். ஓரம் சாய்வானது. நடுக்கோடு நேராக நின்றால் உறையும் நேராக நிற்கும்.

மேலே கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். உறை உத்திரத்தை முட்டக் கூடாது. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இடைவெளியை ஒரு பட்டி வைத்து மறைக்கலாம். கரையான் மருந்தை உள்பக்கமும் பூசுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டால் போதாது.

உறைக்குள் மின்சாரக் கம்பி போனால் அது குழாய்க்குள் போகட்டும். இணைப்பை மரத்துக்குள் மூடி வைக்காதீர்கள். சனிவார் வாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு பலகையைத் திருகாணியில் மட்டும் மாட்டுங்கள். வருடம் ஒருமுறை கழற்றி உள்ளே பாருங்கள். ஈரம் இருக்கிறதா, கரையான் இருக்கிறதா, தூணில் வெடிப்பு வந்திருக்கிறதா என்று தெரியும்.

எழுதி வைப்போம்

கடைசியாக ஒன்று. வேலை தொடங்கும் முன் தச்சரும் வீட்டுக்காரரும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தூண்? என்ன அளவு? எந்தப் பலகை? கூலி எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? மீதி எப்போது? கல் வேலை யாருடையது? இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் சண்டை வராது. தச்சரின் கூலியும் நிற்காது. வீட்டுக்காரரின் பணமும் வீணாகாது.

புனேயின் பழைய தூண்களைச் செய்த தச்சர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் செய்த வேலையை 200 ஆண்டுக்குப் பிறகும் பார்க்கிறோம். அவர்கள் மரத்தைக் கொண்டு வீட்டைத் தாங்கினார்கள். நாம் மரத்தைக் கொண்டு தூணைப் போர்த்துகிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. போர்த்துவதும் நல்ல வேலைதான். ஆனால் எது தாங்குகிறது, எது போர்த்துகிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். நாளை வீட்டை மாற்றிக் கட்டுகிறவருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் பாரம் தாங்கும் தூண்கள் எத்தனை? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

2. பழைய தூண்களின் அடியில் ஏன் கல் வைத்தார்கள்?

3. ஐந்து தூண்களுக்கு உறை போட எத்தனை பிளைவுட் பலகை வாங்க வேண்டும்? ஒரு பலகையில் மூன்று முகம்தான் வரும் என்பதை மறக்காதீர்கள்.

4. 3 அங்குலத்துக்கு 6 அங்குலம், 8 அடி நீளம் உள்ள மரம் எத்தனை கன அடி?